அண்ணனை நான் நடித்துக் காட்டிய நாள்

சொந்தக்காரர்களை வைத்து எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு தைரியம் உண்டு. நாம் எழுதுவதை அவர்கள் படிக்கப் போவதில்லை என்கிற தைரியம். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதனால்தான் கூடப்பிறந்த அண்ணனைப் பன்னிரண்டு பக்கத்தில் கோமாளியாக்கி, அதை மூன்று ஓடிடி நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டு, அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு அவர் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் பெயர் சீனிவாசன். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஷெட் வைத்திருக்கிறார். இரண்டு சி.என்.சி. மெஷின், ஒரு பழைய லேத், எங்களையும் சேர்த்து ஏழு பேர். ஒரு பெரிய கம்பெனிக்கு புஷ் என்கிற சின்ன இரும்பு வளையம் செய்து கொடுக்கிறோம். அதில் நான்தான் குவாலிட்டி. மெஷினிலிருந்து வரும் வளையங்களை வெர்னியர் வைத்து அளந்து, சரியானதைப் பெட்டியிலும் சரியில்லாததைச் சிவப்பு டப்பாவிலும் போடுவது என் உத்தியோகம். (உத்தியோகம் என்று சொல்வது நான் மட்டும்தான். ஷெட்டில் கேட்டால், "சுமதி அக்கா உக்காந்துக்கினு அளக்கும்" என்பார்கள்.)

இது வெளியே தெரிந்த வேலை. உள்ளுக்குள் நான் திரைக்கதை ஆசிரியர். ஆன்லைனில் ஒரு வகுப்பு முடித்தவள். இரண்டு குறும்படங்களுக்கு வசனம் எழுதியவள். அவற்றைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கெலமங்கலத்தில் இருக்கும் எங்கள் உறவினர்கள். அவர்களும், என் அம்மா அவர்கள் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் போட்டுக் காட்டியதால் பார்த்தவர்கள். வகுப்பில் சொன்னார்கள்: உங்களுக்குத் தெரிந்த உலகத்தை எழுதுங்கள். எனக்குத் தெரிந்த உலகம் அந்த ஷெட்தான். அதில் நன்றாகத் தெரிந்த ஆள் அண்ணன்தான். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முன்பக்கம் வளையத்தின் அளவு, பின்பக்கம் என் கலை.

தொடரின் நாயகன் ராஜாங்கம், ஒரு சின்ன ஷெட்டின் முதலாளி. கஸ்டமர் போன் வந்தால் ஸ்டோர் ரூமுக்குள் ஓடி ஆயில் பேரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். கோபம் வந்தால் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார். மூன்று வார்த்தையில் சரக்கு தீர்ந்துவிடும், நாலாவது வார்த்தைக்கு விரலை ஆட்டுவார். மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டுவார். கஸ்டமர் ஆட்கள் ஷெட்டைச் சோதிக்க ஆடிட் வந்தால் அவிழ்த்துவிட்டு மெஷினிடம் மன்னிப்புக் கேட்பார். ஆடிட்டுக்கென்றே கவரில் ஒரு நீலச் சட்டை வைத்திருப்பார். அதில் வயிற்றுக்கு நேராக இருக்கும் பட்டன் எந்த நேரமும் தெறிக்கத் தயாராக இருக்கும். நான் கற்பனை செய்தது ராஜாங்கம் என்ற பெயரை மட்டும்தான்.

அண்ணனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு சிறுதொழில் முனைவோரோட போராட்டம்ண்ணா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பள மாதிரி ஆளுங்களப் பத்தி யாரும்மா எழுதறாங்கோ? எழுது. நல்லா எழுது. படிக்கக் குடேன், பாக்கலாம்."

"இல்லண்ணா, ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கேன். யாருக்கும் காட்டக்கூடாது."

ஒப்பந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? டீக்கடையில், கூரியர் ஆபீசில், பிளேட்டிங் என்கிற முலாம் போடுகிற இடத்தில், "என் தங்கச்சி நம்ப கஷ்டத்த சீரியல் எடுக்கறா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். 

மூன்று நிறுவனங்களில் ஒன்று, "கதைக்களம் சுவாரசியம், நாயகனை பெங்களூரு ஐ.டி. கம்பெனிக்கு மாற்ற முடியுமா?" என்று கேட்டது. இரண்டாவது, "முதல் எபிசோடில் ஒரு கொலை வைக்கலாமா?" என்று கேட்டது. (ராஜாங்கம் தக்காளி நறுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆசாமி.) மூன்றாவதிலிருந்து ரம்யா என்ற ஒரு பெண் வீடியோ காலில் வந்தார். கதைகளைத் தேர்வு செய்கிற குழுவில் இருக்கிறவர். ஆயில் பேரல் காட்சியைச் சொன்னபோது சத்தமாகச் சிரித்தார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

"சுமதி, அடுத்த வாரம் நானும் எங்க ஸ்கிரிப்ட் எடிட்டர் வருணும் பெங்களூர்ல இருந்து சென்னைக்குக் கார்ல போறோம். ஓசூர் வழியாத்தானே? ஒரு அரை மணி நேரம் அந்த ஷெட்டைப் பாக்கலாமா? அந்தக் குழப்பம், கூத்து எல்லாம் நேர்ல பாத்துட்டா மேல பேசறதுக்கு எனக்கு ஈஸி."

பார்த்துவிட்டுப் பிடித்தால், எழுத முன்பணத்தோடு ஒப்பந்தம். பிடிக்காவிட்டால், வளையம். எனக்கு முப்பத்தெட்டு வயது. இன்னொரு ரம்யா சிரித்துக்கொண்டே வருவாள் என்று நம்புகிற வயதில்லை.

அண்ணனிடம் வந்து சொன்னேன். சொன்ன விதத்தில்தான் தப்பு செய்தேன். "அண்ணா, வெளியில இருந்து ரெண்டு பேர் நம்ம ஷெட்டைப் பாக்க வர்றாங்க."

எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆடிட்.

"சாதாரணமா இருந்தா போதும்ண்ணா, எதையும் மாத்த வேணாம்" என்று நானும் சொன்னேன். அவர், "அதெல்லாம் நீ கவலப்படாத" என்றார். எந்த கஸ்டமர்தான் மாற்றச் சொல்லி வருகிறான்? எல்லோரும் சாதாரணமாக இருக்கச் சொல்லித்தான் வருவார்கள், வந்து பார்த்துவிட்டுக் குறை எழுதுவார்கள்.

மூன்று நாளில் ஷெட் அடையாளம் தெரியாமல் போனது. தரையில் புது மஞ்சள் கோடு. சுவரில் ஜாக்கிரதைப் பலகைகள். ஒரு பாட்டு போட்டால் ஒன்பது பாட்டு பாடுகிற பழைய ரேடியோ, அண்ணன் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. எலுமிச்சம்பழங்கள் அவிழ்க்கப்பட்டன. தீயணைப்பு சிலிண்டரைத் துடைத்ததில் அது சிவப்பு நிறம் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. லேத் ஓட்டுகிற திம்மப்பா தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், வாய் மூடாத ஆள். நான் எழுதியதில் பாதி வசனம் அவருடையதுதான். அவரை நிறுத்தி வைத்து அண்ணன் பாடம் எடுத்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததச் சொல்லாத. தெரியலன்னா எங்கிட்ட கைய காட்டு."

சரி, நானாவது தடுத்தேனா? இங்கேதான் வெட்கக்கேடு. அவர்கள் வருகிற அன்று காலையில் சிவப்பு டப்பா நிறையக் கழித்த வளையங்கள் கிடந்தன. என்னையறியாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு வந்தேன். பதினோரு வருடக் கைப்பழக்கம். குழப்பத்தைக் காட்ட வேண்டியவளே குழப்பத்தை ஒளித்து வைத்தேன்.

ரம்யாவும் வருணும் பதினொரு மணிக்கு வந்தார்கள். வாசலில் வரவேற்புப் பலகை. அண்ணன் நீலச் சட்டையில், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பூங்கொத்தோடு. பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார். பிறகு உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் கம்பெனி வரலாற்றை ஓட்டினார். எங்கள் ஷெட்டுக்கு வரலாறு இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி. ரம்யா கொட்டாவியைக் கையால் மறைப்பதை நான் பார்த்தேன்.

மெஷின்களுக்கிடையே நடந்தோம். மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். 

வருண் திம்மப்பாவிடம் கேட்டார். "அண்ணா, இங்க ஜாலியா ஏதாவது நடக்குமா?"

திம்மப்பா நேராக நின்றார். "இல்ல சார். ஏனூ இல்ல."

"ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணுவீங்களா?"

"இந்த வருஷம் ஜீரோ சார்" என்றார், விபத்துக் கணக்கு சொல்கிற மாதிரி.

"முதலாளியப் பத்திச் சொல்லுங்களேன்."

திம்மப்பா அண்ணனை நோக்கிக் கையைக் காட்டினார்.

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து, எந்த ஆடிட்டரிடமும் சொல்லாத உறுதியோடு சொன்னார்: "மேடம், எங்க கம்பெனில காமெடிக்கு எடமே இல்லீங்க."

அடப்பாவி அண்ணா! நகைச்சுவைத் தொடர் எடுக்க வந்தவர்களிடம் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் அவர் முகத்தில் என்ன பெருமை. தங்கை பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற பெருமை. அதை நான் அப்போது பார்த்தேன். பார்த்தும் செய்தேன்.

ரம்யா கடிகாரத்தைப் பார்த்தார். என்னைத் தனியாக அழைத்தெல்லாம் பேசவில்லை, எல்லோர் முன்னாலும் தன்மையாகத்தான் கேட்டார். "இடம் ரொம்ப நீட்டா இருக்கு சுமதி. ஆனா பேப்பர்ல நான் படிச்ச அந்த உலகம் எங்க? அந்த ராஜாங்கம் எங்க?"

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இன்னொரு நாள் வாருங்கள், சொல்லாமல் வாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விட்டால் போய்விடுவார்கள், போனால் போனதுதான் என்கிற பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

"இதோ இருக்காரே மேடம்" என்று அண்ணனைக் காட்டினேன். 

காட்டியதோடு நிற்கவில்லை. நடித்தேன். போன் அடிக்கிற மாதிரி சத்தம் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஸ்டோர் ரூம் பக்கம் ஓடினேன். கதவிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி, அண்ணன் குரலிலேயே, "திம்மப்பா, சார் பிளேட்டிங்குக்குப் போயிருக்காருன்னு சொல்லுடா" என்றேன். திரும்ப வந்து மூன்று வார்த்தை ஆங்கிலம், நாலாவதுக்கு விரல். மெஷினைக் கட்டிப்பிடித்து எலுமிச்சம்பழ மன்னிப்பு. கடைசியாக அவர் சட்டையைச் சுட்டிக்காட்டி, "அந்தப் பட்டனுக்கு நேரா யாரும் நிக்காதீங்க" என்றேன்.

ரம்யாவுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. வருண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெஷின் ஓட்டுகிற பிள்ளைகள் அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். திம்மப்பா மட்டும் சிரிக்கவில்லை. லேத்தை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் எனக்கு நாலடி தூரத்தில் நின்றிருந்தார். வழி காட்ட நீட்டிய கை இன்னும் முன்னாலேயே இருந்தது. கோபப்படத் தெரியாத இடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ஆடிட்டர் குறை சொல்லும்போது எழுதிக்கொள்கிற மாதிரியே எழுத ஆரம்பித்தார்.

"ஒண்ணு, ஸ்டோர் ரூம். ரெண்டு, இங்கிலீஷ். மூணு, எலுமிச்சம்பழம். நாலு, சட்டை." நிமிர்ந்தார். "வேற எதுனா இருக்குங்களா மேடம்?"

"ஐயோ, போதும் சார்" என்று ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு நாள்ல ஆக்‌ஷன் எடுத்து ரிப்போர்ட் குடுத்துடறோம்."

அவர்கள் கைதட்டினார்கள். இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். "சுமதி, இவரையே நடிக்க வச்சிரலாம்!" என்றார் வருண். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கார் போன பிறகு அண்ணன் நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, கவரில் வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். மத்தியானம் நாங்கள் எப்போதும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அன்றைக்கும் வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

"சிரிச்சாங்க இல்ல?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்கண்ணா."

"அப்ப எடுத்துருவாங்கோ." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லதுதான்."

அவர்கள் எடுக்கவில்லை. ஆறு வாரம் கழித்து மெயில் வந்தது. உங்கள் எழுத்து எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் இந்த ஆண்டு நிறுவனம் குற்றப் பின்னணிக் கதைகளில் கவனம் செலுத்துகிறது, தொடர்பில் இருப்போம். (பேசாமல் அந்தக் கொலையை வைத்திருக்கலாம்.) மெயிலைப் படித்துக் காட்டியபோது என்னைவிட அண்ணன்தான் அதிகம் வருத்தப்பட்டார். "அவங்களுக்கு ரசனை இல்லம்மா" என்றார். என்னை இன்னும் எத்தனை விதத்தில் தலைகுனிய வைப்பார் இந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மெயில் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், அவர்கள் வந்துபோன மூன்றாம் நாள் என் மேஜையில் இருந்த தாள்கள்.

ஆடிட்டில் எழுதுகிற குறைக்கு எங்கள் தொழிலில் என்.சி. என்று பெயர். ஒவ்வொரு என்.சி.க்கும் ஒரு படிவம் உண்டு: குறை என்ன, மூல காரணம் என்ன, எடுத்த நடவடிக்கை என்ன. கடைசியில், நடவடிக்கை சரியாக வேலை செய்கிறதா என்று குவாலிட்டி ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் என்.சி. மூடப்படும். அண்ணன் நான்கு படிவம் நிரப்பி வைத்திருந்தார். கொடுப்பதாகச் சொன்ன ரிப்போர்ட்டைக் கொடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

சட்டை: புதிது வாங்கப்பட்டது, ஒரு சைஸ் பெரியது. எலுமிச்சம்பழம்: இனி மெஷினுக்குப் பின்பக்கம் கட்டப்படும், அவிழ்க்க வேண்டியதில்லை. இங்கிலீஷ்: இனி தமிழிலேயே கோபப்படுவது. படித்துக்கொண்டே வந்து சிரித்துவிட்டேன். அப்பாடா, மனுஷன் மறந்துவிட்டார், விளையாட்டாக எடுத்துக்கொண்டார் என்று நெஞ்சு லேசானது. நாலாவது தாளைத் திருப்பினேன்.

குறை: கஸ்டமர் போன் வந்தால் முதலாளி ஸ்டோர் ரூமுக்குப் போகிறார்.

மூல காரணத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவோம். அண்ணன் தன் கோணல் கையெழுத்தில், தன்னைத்தானே கேட்டு, தானே பதில் எழுதியிருந்தார்.

ஏன் ஸ்டோர் ரூமுக்குப் போகிறார்? கஸ்டமர் கத்துகிறார். பேரலுக்குப் பின்னால் நின்று பேசினால் வெளியே கேட்காது.

வெளியே ஏன் கேட்கக் கூடாது? பக்கத்து மேஜையில் சுமதி இருக்கிறாள்.

சுமதிக்குக் கேட்டால் என்ன? கஸ்டமர் திட்டுவது தப்பான அளவில் போன பீஸுக்காக.

அது ஏன் போனது? இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகிவிட்டது.

ஏன் பாஸ் ஆனது? இந்த ஐந்தாவது கேள்விக்கு எதிரே பதில் எழுதவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

பதில் எனக்குத் தெரியும். அளக்க வேண்டிய நேரத்தில் நான் தாளைத் திருப்பிப் போட்டு ராஜாங்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பேரலுக்குப் பின்னால் நின்று எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்தைத்தான் நான் காமெடி என்று பன்னிரண்டு பக்கத்தில் விற்கப் பார்த்தேன். நான் தவறவிட்ட வளையங்கள் இல்லாவிட்டால் எனக்கு அந்தக் காட்சியே கிடைத்திருக்காது.

அன்றைக்கு ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். திம்மப்பா ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு லேத்துக்குத் திரும்பிப் போனார். அண்ணனிடம் போய், "தப்பு பண்ணிட்டேண்ணா" என்றேன். "எந்தத் தப்பு?" என்றார், நிஜமாகவே தெரியாத மாதிரி. பிறகு, "அந்தப் படிவத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடும்மா, ஃபைல் பண்ணணும்" என்றார்.

மூன்றில் போட்டேன். நாலாவதில் போட முடியவில்லை, மூல காரணமே நான்தான். அதில் எடுத்த நடவடிக்கை என்று எழுதியிருந்தது இது: "காதில் மாட்டுகிற ஹெட்செட் வாங்கப்பட்டது. இனி மேஜையிலேயே பேசலாம்."

இப்போது அப்படித்தான் பேசுகிறார். போன் வந்தால் ஓடுவதில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தன் மேஜையிலேயே உட்கார்ந்து, "எஸ் சார், எஸ் சார், கண்டிப்பா சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுகிறார். என்ன விஷயம் என்று கேட்டால், "சும்மாதான், நல்லாருக்கீங்களான்னு கேக்கறார்" என்கிறார். நான் இப்போது வீட்டில்தான் எழுதுகிறேன். ஷெட்டில் ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு தடவை அளக்கிறேன். அப்படியும் போன் வருகிறது. எல்லாத் தப்பும் என்னுடையது இல்லை என்று நம்பிக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இது பெரிய தமாஷாகிவிட்டது. கல்யாணமோ காதுகுத்தோ, நான் உள்ளே நுழைந்தால், "ஏய், பட்டனுக்கு நேரா நிக்காதீங்க, சுமதி வந்துட்டா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அண்ணன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "எங்க கம்பெனில ஒரே ஒரு என்.சி. ரெண்டு வருஷமா ஓப்பன்ல கீது. எங்க குவாலிட்டி மேடம் கையெழுத்தே போட மாட்டேங்கறாங்கோ. இன்னான்னு கேளுங்க."

கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நடவடிக்கை சரியாக வேலை செய்கிறதா என்றுதானே நான் சரிபார்க்க வேண்டும்? சரியாகத்தான் வேலை செய்கிறது. அவரை யார் என்ன திட்டுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.